நாளுக்கு ஒரு முறை மாறும் விவரத்துக்குப் பிஎச்பி எத்தனை முறை ஓட வேண்டும்?

காவிரிப் படுகையில் நான் பராமரித்துவரும் சிறு இணையதளங்கள் அனைத்தும், பல தளங்கள் ஒரே வழங்கியைப் (சர்வரைப்) பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் இயங்குகின்றன. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றின் தளம், மயிலாடுதுறைப் பக்கத்து உழவர் குழு ஒன்றின் தளம், நவக்கிரகத் தலங்களுக்கு வருவோருக்காகக் கோயில் நடைதிறப்பு நேரமும் பஞ்சாங்கமும் தரும் தளம் என்று அவை பலவகை. இவற்றில் எதற்கும் தனி வழங்கி தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். தேவை என்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரே காரணந்தான்: ஒரு நாளில் ஒரு முறை மட்டுமே மாறும் விவரத்தை, வருகின்ற ஒவ்வொருவருக்காகவும், வழங்கியில் ஓடும் பிஎச்பி என்ற மொழியில் எழுதிய நிரல் முதலிலிருந்து தேடி, கணக்கிட்டு, பக்கமாக வடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விவரம் எவ்வளவு விரைவில் மாறுகிறதோ அவ்வளவு முறைதான் நிரல் ஓட வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால், நிரல்வரிகளைச் செதுக்கிச் சேமிப்பதைவிடப் பல மடங்கு வளம் மிச்சமாகிறது.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒரே வாய்க்காலில் பல வயல்கள் பாய்வதைப் போன்ற ஏற்பாடு. தலைமடைக்காரர் மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அதனால்தான் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் கிளவுட்லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவி, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி வரம்பு வைக்கின்றன. செயலிக்கு ஒரு வரம்பு, நினைவகத்துக்கு ஒன்று, வட்டில் எழுதவும் படிக்கவும் ஒன்று, ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய நுழைவுச் செயல்முறைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று. கட்டணப் பட்டியலில் பெரிதாக அச்சிடப்படும் வட்டின் அளவு என் அனுபவத்தில் ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. சிக்கல் எழுவது எப்போதும் இந்த நான்கில் ஒன்றில்தான். எதில் எழுந்தது என்று தெரியாமல் நிரலைத் திருத்தத் தொடங்குவது, நோயைக் கேட்காமலே மருந்து எழுதுகிற வேலை.

நுழைவுச் செயல்முறை, அதாவது ஒருவர் கேட்ட பக்கத்துக்காக வழங்கியில் ஓடும் நிரலின் ஓர் இயக்கம், என்பதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தளம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அதுதான் உடனடிக் காரணமாக இருக்கிறது. உங்கள் கணக்குக்கு ஒரே நேரத்தில் 20 செயல்முறைகள் அனுமதிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தை உருவாக்க 0.2 நொடி ஆகுமானால், ஒரு நொடிக்கு 100 பேருக்குப் பக்கம் கொடுக்கலாம். அதே பக்கத்துக்கு 4 நொடி ஆகுமானால் நொடிக்கு 5 பேருக்குத்தான் கொடுக்க முடியும். அடுத்து வருபவர், வள வரம்பு எட்டப்பட்டது என்று சொல்லும் 508 என்ற பிழையைப் பார்ப்பார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செயலியின் வரம்பைத் தொட்டதும் கிளவுட்லினக்ஸ் நிரலை நிறுத்துவதில்லை, அதன் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்ததால் ஒவ்வொரு பக்கமும் கூடுதல் நேரம் எடுக்கிறது. கூடுதல் நேரம் எடுப்பதால் செயல்முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி 20 என்ற எண்ணை எட்டுகின்றன. திரையில் தெரிவது செயல்முறை வரம்பின் பிழைதான் என்றாலும், மூலம் எங்கோ ஒரு கனமான கணக்கீட்டில் இருக்கிறது.

விளக்குப் பட்டறையின் உரிமையாளர் ஒருநாள், “தம்பி, சைட்டு அடிக்கடி நிக்குது, பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி மெயில் வந்திருக்கு, கட்டிடலாமா?” என்று கேட்டார். “கொஞ்சம் பொறுங்க ஐயா, எது நிரம்புதுன்னு முதல்ல பாத்துடுவோம்” என்று சொல்லி, கட்டுப்பாட்டுப் பலகத்தில் இருக்கும் வளப் பயன்பாட்டு வரைபடத்தையும் வருகைப் பதிவையும் எடுத்தேன். அந்த இரண்டும் எல்லா ஷேர்டு ஹோஸ்டிங் கணக்கிலும் ஏதேனும் ஒரு பெயரில் இருக்கும். வருகைப் பதிவை முகவரிவாரியாக வரிசைப்படுத்தி, எந்தப் பக்கம் மிகுதியாகக் கேட்கப்படுகிறது என்று எண்ணுவதற்குச் சில நிமிடம் போதும். அதோடு, நிரலின் தொடக்கத்தில் மைக்ரோடைம் தரும் அப்போதைய நேரத்தைக் குறித்துக்கொண்டு, ரிஜிஸ்டர் ஷட்டவுன் ஃபங்ஷன் வழியாக முடிவில் எடுத்த நேரத்தையும், மெமரி கெட் பீக் யூசேஜ் தரும் உச்ச நினைவக அளவையும் ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்தால், எண்ணிக்கையையும் நேரத்தையும் பெருக்கிப் பார்க்கலாம். மெதுவான பக்கம் எது என்பது முதன்மையான கேள்வியன்று. எண்ணிக்கையும் நேரமும் பெருகி எந்தப் பக்கத்தின் மொத்தம் மேலே நிற்கிறது என்பதுதான் கேள்வி. பட்டறைத் தளத்தில் அது விளக்குகளின் படங்களை ஒவ்வொரு வருகைக்கும் சிறிதாக்கிக் காட்டிய நிரலாக இருந்தது.

உழவர் குழுவின் தளத்தில் கதை வேறு. முகப்பிலேயே மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம், அது நியாயமான விருப்பமும்கூட. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பதும், நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறப்பது வழக்கம் என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். குறுவை நாற்று விடுவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் எனக்கு முன் அந்தத் தளத்தை உருவாக்கியவர், வருகை ஒவ்வொன்றின்போதும் வேறொரு தளத்துக்குப் போய் அந்த எண்ணை எடுத்துவரும்படி ஃபைல் கெட் கன்டென்ட்ஸ் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தியிருந்தார். எதிர்த்தளம் விரைந்து பதில் சொல்லும்வரை குறை தெரியாது. அது தடுமாறும் நாளில், பிஎச்பியின் இயல்பான சாக்கெட் காத்திருப்பு 60 நொடி என்பதால், முகப்பைக் கேட்ட ஒவ்வொருவரும் ஒரு செயல்முறையை ஒரு நிமிடம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இருபதே பேர் போதும், தளம் முழுவதும் நின்றுவிடும்.

இங்கே பலரும் மேக்ஸ் எக்சிகியூஷன் டைம் என்ற அமைப்பை நம்புகிறார்கள். அதன் இயல்பு மதிப்பு 30 நொடி. அதைப் 10 ஆகக் குறைத்தால் நிரல் தானே நின்றுவிடும் என்று எண்ணுகிறார்கள். லினக்ஸில் அந்தக் கணக்கு நிரல் தானே உழைக்கும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. தரவுத்தளத்தின் பதிலுக்காகவோ வெளித்தளத்தின் பதிலுக்காகவோ சும்மா காத்திருக்கும் நேரம் அதில் சேராது. எனவே காத்திருப்புக்குத் தனியே எல்லை வைக்க வேண்டும்: ஸ்ட்ரீம் சூழலில் டைம்அவுட் மதிப்பைத் தருவது ஒரு வழி, கர்ல் நூலகத்தைப் பயன்படுத்தினால் இணைப்புக்கு ஒன்றும் மொத்த நேரத்துக்கு ஒன்றுமாக இரண்டு எல்லைகளைக் குறிப்பிடுவது இன்னொரு வழி. கர்ல், மொத்த நேரத்துக்குத் தானாக எந்த எல்லையும் வைப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் எல்லை வைப்பது பாதிக் கிணறுதான். நீர்மட்டம் காலையில் ஒரு முறை வெளியாகும் எண். அதை எடுத்துவருவது முகப்பின் வேலையே அன்று. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் பணியாக ஒரு சிறு நிரல் காலையில் ஓடி, எண்ணை எடுத்து, அது எண்தானா, 0 முதல் 120 அடிக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து, முகப்புப் பக்கத்தை முழுமையான எச்டிஎம்எல் கோப்பாக எழுதிவைத்துவிட்டால் போதும். வெளித்தளம் பதில் தரவில்லையென்றால் நேற்றைய கோப்பு நேற்றைய தேதியோடு அப்படியே இருக்கும். உழவர் அதைப் பார்த்து ஏமாறமாட்டார், ஏனென்றால் தேதி அருகிலேயே இருக்கிறது. பார்வையாளர் கேட்கும்போது வழங்கியின் அப்பாச்சி மென்பொருள் அந்தக் கோப்பை நேரே எடுத்துக் கொடுக்கும். பிஎச்பி விழித்துக்கொள்வதே இல்லை.

கோப்பு எழுதும் விதத்தில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு, இரண்டும் கூட்டமான நாளில்தான் தெரியவரும். முதலாவது, பழைய கோப்பின்மேலேயே எழுதக்கூடாது. பாதி எழுதியிருக்கும்போது கேட்பவருக்குப் பாதிப் பக்கம் போய்ச் சேரும். அதே அடைவில் வேறு பெயரில் முழுவதும் எழுதி முடித்துவிட்டு ரீநேம் செய்ய வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடும், இடைநிலை கிடையாது. இரண்டாவது, கிரான் இல்லாமல் “கோப்பு பழசாகிவிட்டதா, அப்படியானால் புதிதாக்கு” என்று பக்கத்துக்குள்ளேயே எழுதினால், பழசான அந்தக் கணத்தில் வந்த எல்லோரும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப் புறப்படுவார்கள். கேஷ், அதாவது முன்பே கணக்கிட்டு எழுதிவைத்த கோப்பு, வைத்தும் தளம் விழுந்தது என்று வியப்போருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எஃப்லாக் என்ற செயற்கூற்றைக் கொண்டு ஒரு பூட்டுக் கோப்பைக் காத்திருக்காத முறையில் கேட்டு, பூட்டுக் கிடைத்தவர் மட்டும் புதுப்பிக்க, கிடைக்காதவர்களுக்குப் பழைய கோப்பையே கொடுத்துவிட வேண்டும்.

பஞ்சாங்கத் தளம் இதே எண்ணத்தை வேறொரு வகையில் சோதித்தது. சூரிய உதயம் இடத்துக்கு இடம் மாறும். உதயம் மாறினால் ராகு காலத்தையும் துல்லியமாகக் கணிக்கும்போது மாற்ற வேண்டியிருக்கிறது, திதி முடியும் நாழிகையும் மாறிப்போகிறது. அதனால் கைபேசி தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வாங்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டுவதாக அந்தத் தளம் அமைந்திருந்தது. கேஷும் இருந்தது, ஆனால் கோப்பை அடையாளம் காட்டும் திறவுகோலில் ஆறு தசம இடம் வரையான தீர்க்கரேகை இருந்ததால், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட வேறு கோப்பு உருவானது. கேஷ் கோப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகினவே தவிர, எழுதிவைத்த கோப்பு இன்னொருவருக்குப் பயன்பட்டது மிக அரிது.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. தஞ்சாவூர் ஏறத்தாழ 79.1 பாகையில் இருப்பதால் இங்கே சூரியன் அந்த நேரத்துக்கு 13 நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பின்தங்கி வருகிறது. கல்லணையிலிருந்து நாகப்பட்டினக் கடற்கரை வரை எடுத்துக்கொண்டாலும் ஒரு பாகைதான் வேறுபாடு. அதாவது நாகப்பட்டினத்தில் உதயமானதற்கும் கல்லணையில் உதயமாவதற்கும் இடையில் 4 நிமிடம். 0.1 பாகைக்கு 24 நொடி. ஆக, இடத்தை அருகிலுள்ள 0.1 பாகைக்கு முழுமையாக்கிவிட்டால், தீர்க்கரேகையால் வரும் பிழை 12 நொடியைத் தாண்டாது. அட்சரேகையால் வருவதையும் சேர்த்தால்கூட அரை நிமிடத்துக்குள் அடங்கும். கோடியக்கரையிலிருந்து கொள்ளிடம் கடலில் சேரும் இடம் வரை உள்ள படுகை முழுவதும் இப்படிப் பார்த்தால் நூற்றுச் சொச்சம் கட்டங்களில் அடங்கிவிடுகிறது. 110 கட்டம், 365 நாள் என்றால் 40,150 வரிசைகள். இதை ஆண்டுக்கு ஒரு முறை என் சொந்தக் கணினியில் கணக்கிட்டு, ஒரே அட்டவணையாகத் தரவுத்தளத்தில் ஏற்றிவிடுகிறேன். கோள்களின் நிலையைக் கணிக்கும் நிரல் வழங்கியில் இப்போது இல்லவே இல்லை. பயனர் தரும் உள்ளீட்டை அவருக்குப் பயன்படும் துல்லியம் எவ்வளவோ அவ்வளவுக்கு முழுமையாக்குவது, நான் அறிந்தவரை, கேஷைப் பயனுள்ளதாக்கும் மிகச் சிறந்த வழி. அதற்கு நிரல் அறிவைவிடப் பொருளைப் பற்றிய அறிவுதான் மிகுதியும் தேவைப்படுகிறது.

அதே தளத்தில் வருகைப் பதிவைப் படித்தபோது, மனிதர் எவரும் கேட்டிருக்க முடியாத பக்கங்கள் தெரிந்தன. நாட்காட்டியின் அடியில் “அடுத்த மாதம்” என்ற இணைப்பு இருந்தது. அதற்கு முடிவே கிடையாது. தேடுபொறிகளின் நிரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு, அடுத்த நூற்றாண்டுக்கு என்று போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொரு மாதத்துக்கும் பிஎச்பி கணக்கிட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தது. இதற்கு மருந்து எளிது: தரவு இருக்கும் ஆண்டுகளுக்கு வெளியே இணைப்பே காட்டாமல், யாரேனும் முகவரியைத் தட்டிக் கேட்டாலும் 404 என்று உடனே திருப்பிவிட வேண்டும். தேடுபொறிகளுக்கு வழிசொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பாதையை விலக்குவதும் உதவும், ஆனால் அதில் எழுதப்படும் கிரால்-டிலே என்ற இடைவெளிக் குறிப்பைக் கூகுள் பொருட்படுத்துவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளமானால், வெளியிலிருந்து தளத்தை இயக்க உதவும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பையும் உள்நுழைவுப் பக்கத்தையும் இயந்திரங்கள் இடைவிடாமல் தட்டும். முதலாவது தேவையில்லையென்றால் அதை அப்பாச்சிக்கு விதிகள் எழுதும் எச்டிஅக்சஸ் கோப்பிலேயே அடைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் செருகுநிரல் கொண்டு அடைத்தால் அடைப்பதற்காகவே பிஎச்பி விழிக்க வேண்டியிருக்கும். வேர்ட்பிரஸின் உள் கிரானும் வருகையைச் சார்ந்தே ஓடுவது. டிசேபிள் டபிள்யூபி கிரான் என்பதை ட்ரூ ஆக்கிவிட்டு, ஹோஸ்டிங் தரும் உண்மையான கிரானுக்கு அதை மாற்றிவிடலாம்.

தரவுத்தளத்தில் நான் மீண்டும் மீண்டும் காணும் குறை ஒன்றுதான். காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று எண்ணப்படும் தேவாரத் தலங்களைப் பட்டியலிடும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியலுக்கு ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), பிறகு ஒவ்வொரு தலத்தின் நடைதிறப்பு நேரத்துக்கும் சுழற்சிக்குள் ஒரு வினவல் என்று எழுதினால் மொத்தம் 191 வினவல்கள். அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஜாயின் போட்டால் ஒன்று. தனித்தனியே ஒவ்வொரு வினவலும் விரைவாக முடிவதால் மெதுவான வினவல்களின் பதிவில் இது அகப்படாது. அடுத்தது, தேதி நெடுவரிசைக்கு விரைந்து தேட உதவும் இன்டெக்ஸ் இருந்தும் அதன்மேல் இயர் என்ற செயற்கூற்றைச் சுற்றித் தேடுவது. அப்போது அந்த இன்டெக்ஸ் பயன்படாது, தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையில் என்று எல்லை கொடுத்தால் பயன்படும். எக்ஸ்பிளெயின் என்ற சொல்லை வினவலின் முன் இட்டுப் பார்த்தால் இது நேரே தெரிந்துவிடும். முகப்பில் ஒரு தேவாரப் பாடலைக் காட்ட ஆர்டர் பை ராண்ட் என்று எழுதினால், ஒரு பாடலுக்காக அட்டவணை முழுவதையும் கலைத்து அடுக்க வேண்டும். நாளின் எண்ணைப் பாடல்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்தால், இன்டெக்ஸ் வழியே ஒரே வரிசை கிடைக்கிறது, ஊரெல்லாம் அன்று அதே பாடலைப் படிக்கிறது. எனக்கு அது இன்னும் அழகாகத் தோன்றுகிறது.

நினைவகத்துக்கு வருவோம். பிஎச்பியின் இயல்பான வரம்பு 128 எம்பி. படங்களைக் கையாளும் ஜிடி நூலகம் ஒரு படத்தைத் திறக்கும்போது, வட்டில் அது எவ்வளவு சிறிய ஜேபெக் கோப்பாக இருந்தாலும், ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் எடுத்துக்கொள்கிறது. கைபேசியில் எடுத்த 4000க்கு 3000 புள்ளிப் படம் என்றால் 48 எம்பி. அப்படியொரு படத்தைத் திருப்பிவைக்க இன்னொரு 48 எம்பி வேண்டும். மற்றவற்றுக்கு மீதி மிகக் குறைவு. விளக்குப் படங்களை இப்போது பட்டறையிலிருந்து ஏற்றும்போதே ஒரு முறை மூன்று அளவுகளில் செய்து வைத்துவிடுகிறோம். பிறகு அவை வெறும் கோப்புகள்.

உறுப்பினர் பட்டியல் போன்ற பெரிய சிஎஸ்வி கோப்புகளை ஃபைல் என்ற செயற்கூற்றால் ஒரேயடியாக வரிசைக்குள் ஏற்றினால் கோப்பின் அளவைப்போல் பல மடங்கு நினைவகம் போகும். எஃப்கெட்சிஎஸ்வி கொண்டு வரிவரியாகப் படித்தால் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ஒரு வரியின் அளவுதான். பிஎச்பி 5.5இல் வந்த, மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் இதை அழகாக எழுத உதவும். ஆனால் தரவுத்தளத்திலிருந்து படிக்கும்போது ஒரு பொறி உண்டு: பிடிஓ என்ற இடைமுகம் வழியாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைக் கேட்டால், நீங்கள் ஒவ்வொரு வரிசையாக எடுத்தாலும், விடை முழுவதும் முன்பே நினைவகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும், அதுதான் இயல்பான நடைமுறை. இந்த இடைத்தேக்கத்தை அணைக்கலாம், ஆனால் அப்போது அந்த விடையைப் படித்து முடிக்கும்வரை அதே இணைப்பில் வேறு வினவல் கேட்க முடியாது. நான் விரும்புவது, கடைசியாகப் படித்த அடையாள எண்ணைவிடப் பெரியவற்றில் 500 என்று பகுதி பகுதியாகக் கேட்பது. ஆஃப்செட் கொடுத்துக் கேட்பது அப்படியன்று. தாண்டிவரச் சொன்ன வரிசைகளையெல்லாம் தரவுத்தளம் படித்துத்தான் தாண்டும்.

தமிழில் தளம் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டியது மற்றொன்று. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். தஞ்சாவூர் என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடுக்கு 9 குறி, பைட்டுகளை எண்ணும் பிஎச்பியின் ஸ்டிரிலென்னுக்கு 27. நீண்ட பாடலை எழுத்தெழுத்தாகப் பிரிக்க சரத்தின் ஒரு துண்டை வெட்டித் தரும் எம்பி சப்ஸ்டிரைச் சுழற்சிக்குள் அழைத்தால், ஒவ்வோர் அழைப்பும் சரத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும். பாடல் இருமடங்கு நீண்டால் வேலை நான்கு மடங்காகும். பிஎச்பி 7.4 முதல் உள்ள எம்பி ஸ்டிர் ஸ்பிளிட் ஒரே நடையில் குறிகளாகப் பிரித்துவிடும். உயிர்மெய்யும் புள்ளியும் பிரியாமல் எழுத்தாகவே வேண்டுமென்றால் யூனிகோடு முறையில் \X என்ற வடிவத்தைக் கொடுத்துப் பிரெக் மேட்ச் ஆலைப் பயன்படுத்தலாம். அனுப்பும்போது ஜிசிப் சுருக்கம் தமிழுக்கு நன்றாகப் பலன் தருகிறது, ஏனென்றால் எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று.

பிஎச்பியின் பதிப்பை உயர்த்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்ய வேண்டியது அது. 2015 டிசம்பரில் வந்த 7.0, முந்தைய 5.6ஐவிடப் பல தளங்களில் ஏறத்தாழ இருமடங்கு வேகம் கொடுத்தது. 2020இல் 8.0 உடன் வந்த, ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட், தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கும் நம் போன்ற தளங்களுக்கு அவ்வளவாக உதவாது. மொழிமாற்றிய நிரலை நினைவகத்தில் வைத்திருக்கும் ஓபிகேஷ் இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பலகத்தில் இயக்கிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் பிஎச்பி உண்மையாகவே ஓட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஆலங்குடியில் குருப்பெயர்ச்சியன்று வருவோர் தங்குமிடம் கேட்டு நிரப்பும் படிவம் அப்படிப்பட்டது. ஒவ்வொருவரின் விடையும் வேறு. அங்கே, ஒரே பயனரை நினைவில் வைத்திருக்கும் செஷனைத் தேவையான பக்கத்தில் மட்டும் தொடங்கி, எழுதியதும் செஷன் ரைட் குளோஸ் அழைத்து மூடிவிட வேண்டும். கோப்பில் வைக்கப்படும் செஷன் பூட்டப்பட்டே இருப்பதால், அதே பயனர் பொறுமையிழந்து நான்கு முறை தட்டினால் நான்கு செயல்முறைகள் வரிசையில் நிற்கும். மின்னஞ்சலை அப்போதே அனுப்பாமல் அட்டவணையில் எழுதிவைத்துக் கிரான் அனுப்பட்டும். அந்த நாளின் கோயில் நேரம், பேருந்து விவரம், வழி ஆகியவை அனைத்தும் முதல் நாளே கோப்புகளாக எழுதப்பட்டிருந்தால், கணக்குக்குரிய இருபது செயல்முறைகளும் அந்தப் படிவத்துக்கே கிடைக்கும்.

அதுவும் போதாத அளவுக்குப் படிவங்கள் வந்தால் தனி வழங்கிக்குப் போகலாம். ஆனால் போனபின் இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களைச் செய்வதும், காப்புப்படி எடுப்பதும், நள்ளிரவில் நின்றால் எழுப்புவதும் யார் என்ற கேள்விக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். விளக்குப் பட்டறையிலும் உழவர் குழுவிலும் அப்படி ஓர் ஆள் இல்லை. அவர்களை அதனால்தான் ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே வைத்திருக்கிறேன்.